உட்கார்ந்துவிட்ட நாய்

1805 ஏப்ரலில் சார்லஸ் கோஃப் என்பவர் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் ஹெல்வெலின் மலையைக் கடந்து கிராஸ்மியருக்குப் போகக் கிளம்பினார். கூட ஃபாக்ஸி என்கிற அவருடைய நாய். அவர் போய்ச் சேரவில்லை. மூன்று மாதம் கழித்து, ஜூலையில், நாய் குரைக்கும் சத்தம் கேட்டுப் போன ஆட்டிடையர் ஒருவர் மலைச்சரிவின் கீழே அவருடைய எலும்புகளைக் கண்டார். பக்கத்தில் ஃபாக்ஸி உயிரோடு இருந்தது. இடைப்பட்ட நாட்களில் அது ஒரு குட்டியும் ஈன்றிருந்தது. குட்டி பிழைக்கவில்லை.

வேர்ட்ஸ்வொர்த் இதைப் பற்றி ஒரு கவிதை எழுதினார், வால்டர் ஸ்காட் இன்னொன்று எழுதினார். 1829இல் லாண்ட்சீர் ஓவியமாக வரைந்தார். 1890இல் மலைமேல் நினைவுக்கல் நட்டார்கள். இதற்கு நடுவே அந்த வட்டாரத்தில் வேறொரு பேச்சும் ஓடியது. மூன்று மாதம் அந்த நாய் எதைத் தின்று உயிர் பிழைத்தது? எஜமானரைத்தான் தின்றிருக்கும் என்று பத்திரிகையிலேயே எழுதினார்கள்.

இப்படி இரண்டு கட்சி. ஒன்று ஃபாக்ஸியை விசுவாசத்தின் சிகரம் என்றது, மற்றது பிணந்தின்னி என்றது. இரண்டு கட்சியும் விசாரித்தது நாயின் குணத்தை மட்டும்தான். அந்த நாயை மலைக்குக் கூட்டிப்போனது யார், அவருக்கு அதனிடம் என்ன கடமை இருந்தது என்ற கேள்வி பெரிதாக எழவே இல்லை.

இதேபோல் இன்னொரு கதை. 1953 டிசம்பரில் ஜோசப் டாக் என்ற முதியவர் டிப் என்ற ஆட்டு நாயோடு டார்பிஷர் மேட்டு நிலத்தில் நடக்கப் போய்க் காணாமல் போனார். குளிர்காலம் முழுக்க 15 வாரம் டிப் அவர் உடலருகே இருந்தது. இன்றைக்கும் டெர்வென்ட் அணைக்குப் பக்கத்தில் அதற்கு ஒரு நினைவுக்கல் உண்டு. அந்தக் கல் முன்னால் நின்றால் யாருக்கும் தொண்டை அடைக்கும். எனக்கும் அப்படித்தான். ஆனால் கல் வைப்பதில் ஒரு வசதியும் இருக்கிறது. நாயைப் புகழ்ந்துவிட்டால் கணக்கு முடிந்துவிட்டது போல ஓர் உணர்வு வந்துவிடுகிறது.

குளிர்கால மலைநடையில் இந்தக் கணக்கு அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. நம் ஊர் மலையேற்றத்தை வைத்து அதைக் கற்பனை செய்ய முடியாது. நமக்கு மழையும் அட்டையும்தான் கவலை. ஸ்காட்லாந்தின் கெயின்கார்ம் மலைகளில் டிசம்பரில் மாலை மூன்றரை மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். மேலே மரம் கிடையாது, ஒதுங்க இடம் கிடையாது. காற்று அடித்துச் சேர்த்த பனி மலை விளிம்பைத் தாண்டி வெளியே கூரைபோல நீட்டிக்கொண்டு நிற்கும். மேலிருந்து பார்த்தால் தரை மாதிரியே தெரியும், கீழே ஒன்றும் இருக்காது. மனிதர்கள் காலணிக்கு அடியில் இரும்பு முட்களைக் கட்டிக்கொள்கிறார்கள், கையில் பனிக்கோடாரி வைத்திருக்கிறார்கள். எத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவது என்று கிளம்பும் முன்பே பேசி வைக்கிறார்கள். நாய்க்கு இது எதுவும் இல்லை. விரல்களுக்கு நடுவில் இருக்கும் முடியில் பனி உருண்டையாகக் கட்டிக்கொள்ளும். குட்டையான நாய் என்றால் வயிறே பனியில் உரசும். விளிம்பு எது, வெறும் பனி எது என்று அதற்குத் தெரியாது. வழுக்கினால் பிடித்து நிற்க அதனிடம் கோடாரியும் இல்லை.

எடின்பரோவில் படித்த காலத்தில் ஒரு பிப்ரவரியில் இப்படி ஒரு நடைக்குப் போயிருந்தேன். ஒன்பது பேர், இரண்டு நாய்கள். ஒன்று பார்டர் கோலி, அது பிரச்சினை இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மற்றது குட்டை முடி கொண்ட சின்ன நாய். உச்சிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும்போது காற்று ஏறியது. சின்ன நாய் ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைக்க ஆரம்பித்தது. எல்லோருமே பார்த்தோம், யாரும் வாய் திறக்கவில்லை. ஒன்பது பேர் இருக்கும் இடத்தில் வேறு யாராவது சொல்வார்கள் என்று ஒவ்வொருவருக்கும் தோன்றும். கூட்டத்துக்கே உள்ள வியாதி அது.

கடைசியில் ஈப்போவிலிருந்து வந்திருந்த நண்பர்தான் நாய்க்காரரிடம் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே, தன் நாய்க்கு மலை என்றால் உயிர், வீட்டில் விட்டால்தான் அழும் என்றார். நண்பர் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: “அதுக்கு மலை புடிச்சிருக்கா, இல்ல இந்த ஆள விட்டுட்டு நிக்க பயமான்னு இவருக்கு எப்படிடா தெரியும்?”

அன்று நாங்கள் ஒன்பது பேரும் திரும்பினோம். அந்த வானிலையில் குழுவைப் பிரிப்பது இன்னும் ஆபத்து என்பதால் எல்லோருமே இறங்க வேண்டியதாயிற்று. மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்த ஒருவர் வழி முழுக்கப் பேசவில்லை. அவர் கோபத்தை நான் தள்ளிவிட மாட்டேன். ஒரு நாயின் காலுக்காக ஒன்பது பேரின் ஒரு நாள் போக வேண்டுமா? இது நியாயமான கேள்வி.

எனக்குத் தெரிந்த பதில் இது. குழுவாக மலையேறுபவர்களிடம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மெதுவாக நடப்பவரின் வேகம்தான் குழுவின் வேகம். முட்டி வலிக்கிறது என்று ஒரு மனிதர் சொன்னால் உச்சி போகும். எரிச்சல் வரும், ஆனாலும் திரும்புவோம். அப்படியென்றால் நாய் குழுவில் சேர்த்தியா இல்லையா? சேர்த்தி என்றால் அதே சட்டம் அதற்கும் உண்டு. இல்லை என்றால் அது வெறும் மூட்டை முடிச்சு, அதை ஏன் பனிக்குள் கொண்டுவர வேண்டும்? படம் எடுக்கும்போது “நாங்க ஒன்பது பேரு, ரெண்டு நாய்ங்க” என்று எண்ணிவிட்டு, முடிவு எடுக்கும்போது மட்டும் ஒன்பது என்று எண்ணுவதுதான் தவறு.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது பலமானது. நாய் வேலை செய்யப் பிறந்தது. 1965இல் ஹேமிஷ் மக்கினஸ் ஸ்காட்லாந்தில் தேடல் மீட்பு நாய்களுக்கான சங்கத்தைத் தொடங்கினார். பனியில் தொலைந்தவர்களைக் கண்டுபிடிக்க அத்தகைய நாய்கள் இன்றும் போகின்றன. நாய்களைச் சோபாவில் உட்கார வைப்பதுதான் அன்பு என்று யாரும் சொல்ல முடியாது. சரிதான். ஆனால் மீட்பு நாயைக் கையாள்பவர் வருடக்கணக்கில் அதோடு பழகி, அது எப்போது களைக்கிறது, எப்போது தயங்குகிறது என்று படிக்கக் கற்றவர். மலையில் அவருடைய ஒரு கண் எப்போதும் நாய்மேல் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நடைக்குப் போகிறவர்களின் கண் உச்சியின் மேல் இருக்கிறது. வாலாட்டுவதைச் சம்மதம் என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். வாலாட்டல் ‘உன்னோடு வருகிறேன்’ என்று மட்டும்தான் சொல்கிறது. எங்கே போகிறோம், அங்கே என்ன ஆகும் என்பது அதற்குள் இல்லை. குழந்தையையும் நாம் இப்படித்தான் கூட்டிப்போகிறோம். ஆனால் குழந்தை வளர்ந்து ஒருநாள் “ஏன்பா என்னை அங்க இழுத்துட்டுப் போனீங்க?” என்று கேட்கும். நாய் கடைசி வரை கேட்காது. கேட்காதவரிடம் படும் கடன்தான் பெரிய கடன்.

இதை நன்றாகப் புரிந்துகொண்ட ஒருவர் நம் கதையில் இருக்கிறார். மகாபாரதத்தின் முடிவில் பாண்டவர் ஐவரும் திரௌபதியும் இமயத்தில் நடக்கிறார்கள், கூட ஒரு நாய். அதுவும் ஒரு குழு மலைநடைதான். ஆனால் அதன் சட்டம் நேர்மாறு, விழுந்தவருக்காக யாரும் நிற்பதில்லை. முதலில் திரௌபதி, பிறகு சகாதேவன், நகுலன், அர்ஜுனன், பீமன். தர்மர் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார். கடைசியில் இந்திரன் தேரோடு வந்து, நாயை விட்டுவிட்டு ஏறச் சொல்கிறான். தர்மர் மறுக்கிறார். தம்பிகளையும் மனைவியையும் விட்டவன்தானே நீ என்று இந்திரன் மடக்க, அவர்கள் இறந்த பிறகுதான் விட்டேன், உயிரோடு இருக்கையில் விடவில்லை என்கிறார். அந்த பதில் எனக்கு முழுத் திருப்தி தருவதில்லை. ஆனால் நாயைப் பற்றி அவர் சொல்லும் காரணம் முக்கியமானது. தன்னை நம்பி வந்ததைக் கைவிடுவது பெரும் பாவம் என்கிறார். நாயின் பக்தியை அவர் நாய்க்குச் சூட்டும் பதக்கமாகப் பார்க்கவில்லை, தன் தலையில் விழுந்த கடனாகப் பார்க்கிறார். ஹெல்வெலின் கவிஞர்களுக்கும் தர்மருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஆனால் அந்தக் கதை நமக்கு ஒரு சலுகை தருகிறது. நாய் தர்மதேவதையாக மாறிவிடுகிறது, அதனால் தர்மர் செய்தது வீண் போகவில்லை. நம்மோடு வருவது நாய்தான். கடைசி வரை நாயாகவே இருக்கும். திரும்பி இறங்கினால் யாரும் வானத்திலிருந்து பூச்சொரிய மாட்டார்கள். காரில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வருவார், அவ்வளவுதான்.

2020 ஜூலையில், இது கோடைக் கதைதான், இங்கிலாந்தின் உயரமான மலையான ஸ்காஃபெல் பைக்கிலிருந்து இறங்கும்போது டெய்சி என்ற செயின்ட் பெர்னார்ட் நாய் உட்கார்ந்துவிட்டது. பின்னங்கால்களில் வலி, அதற்கு மேல் ஓர் அடி வைக்க மாட்டேன் என்றது. எடை 55 கிலோ. வாஸ்டேல் மலை மீட்புக் குழுவிலிருந்து 16 தன்னார்வலர்கள் வந்தார்கள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, ஐந்து மணி நேர வேலையில் கீழே கொண்டுவந்தார்கள். பனியில் மனிதரைக் காப்பாற்றுவதற்குப் பெயர்பெற்ற இனம் அது. அதை மனிதர்கள் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

ஃபாக்ஸிக்கும் டிப்புக்கும் மலையில் கல் இருக்கிறது. உட்கார்ந்துவிட்ட நாய்க்கு யாரும் கல் நடுவதில்லை. ‘முடியாது’ என்று சொல்ல ஒரு நாய்க்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அடுத்த நடைக்கு ஆட்களை எண்ணும்போது அதையும் ஓர் ஓட்டாக எண்ணிக்கொள்ளலாம். அது உட்காரும் வரைக்கும் காத்திருக்காமல், காலைத் தூக்கித் தூக்கி வைக்கும்போதே யாராவது ஒருவர் வாய் திறந்தால் இன்னும் நல்லது.