சிபியின் தராசும் சீட்டு வணிகமும்

2022 பிப்ரவரியில் இயற்கைப் பாதுகாப்புக்கான டபிள்யூ.டபிள்யூ.எஃப். அமைப்பின் பிரிட்டன் கிளை, அழிந்துவரும் விலங்குகளின் படங்களை என்.எஃப்.டி. என்னும் மின்னணுச் சீட்டுகளாக விற்க முன்வந்தது. ஓர் இனத்தில் எத்தனை உயிர் மிச்சமோ அத்தனை சீட்டுதான். கண்டனம் வலுக்கவே சில நாளில் கடையைக் கட்டிவிட்டார்கள். பலரும் ஏசியது இந்தச் சீட்டுகளுக்காகக் கணினிகள் விழுங்கும் மின்சாரத்தை. அது சில்லறைப் பிழை. உயிர் குறையக் குறையப் படத்துக்கு மவுசு ஏறும் என்ற கணக்கு இருக்கிறதே, அதுதான் அறப்பிழை.

உயிரின் படத்தை வைத்துப் பணம் பண்ணும் கணக்கு பழையதுதான். அமெரிக்காவின் ஆலன் அண்ட் ஜின்டர் நிறுவனம், சிகரெட் நசுங்காதிருக்கப் பெட்டிக்குள் ஒரு கெட்டி அட்டையைச் செருகியது. 1889இல் அந்த அட்டையில் வெப்பமண்டலப் பறவைகள் வந்து உட்கார்ந்தன. முன்பக்கம் பளபளக்கும் இறகு. பின்பக்கம் ஐம்பது பறவைகளின் பட்டியல். பட்டியல் நிறைய வேண்டுமானால் பெட்டி பெட்டியாய்ப் புகைக்க வேண்டும். அதே காலத்தில்தான் சீமாட்டிகளின் தொப்பிக்காகக் கொக்குகளைக் கூட்டிலேயே சுட்டுக்கொண்டிருந்தார்கள். 1963இல் புரூக் பாண்ட் தேயிலைப் பொட்டலங்களில் ‘ஆபத்தில் வனவிலங்குகள்’ என்றே ஒரு வரிசை வந்தது. இலங்கை மலைநாட்டிலும் ஆனைமலையிலும் காட்டை வெட்டித்தான் தேயிலை நட்டார்கள் என்பது சீட்டு ஒட்டும் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

பிள்ளைகள் பறவைகளின் பெயர் கற்றார்களே என்பார்கள். கற்றார்கள்தான். ஆம் அண்ட் ஹேமர் சமையல் சோடாப் பெட்டிக்கு லூயி அகசி ஃபூவர்டெஸ் வரைந்த பறவைகள் கண்ணிலேயே நிற்கும். பறவைகளைக் கொல்லாதீர்கள் என்ற வேண்டுகோளும் அச்சீட்டுகளில் உண்டு. இருக்கட்டும். ஆனாலும் அங்கே அளவுகோல் விற்பனைதான்.

நம் முன்னோர் பிடித்த அளவுகோல் வேறு. மயில் போர்த்திக்கொள்ளாது என்று தெரிந்தே பேகன் அதற்குப் போர்வை கொடுத்தான். புறநானூற்றில் பரணர் வியப்பது அந்த அறிவைத்தான். முல்லைக்கொடிக்குத் தேரை விட்ட பாரி அதற்குப் பற்றுச்சீட்டா கேட்டான்? இருப்பதைப் பங்கிட்டுப் பிற உயிர்களைக் காப்பதற்கு மேலான அறமில்லை என்பது வள்ளுவர் கொல்லாமை அதிகாரத்தில் தரும் தீர்ப்பு. அடைக்கலம் வந்த புறாவைச் சிபி மன்னனும் தராசில் ஏற்றினான், உண்மை. எதிர்த்தட்டில் அவன் வைத்தது தன் தசையை. நாமோ எதிர்த்தட்டில் பணத்தை வைக்கிறோம். அதுவும் புறாவுக்கன்று, புறாவின் படத்துக்கு.

1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக்காட்சிச் சாலையில் மார்த்தா என்ற பயணிப் புறா செத்தது. அந்த இனத்தில் அதுவே கடைசி. இந்த வணிகக் கணக்குப்படி, முந்தின நாள் மாலையில் அதற்கு ஒரே ஒரு சீட்டு; உச்ச விலை.