கைத்தொழிலா? அலுவலக வேலையா?

அல்ஹம்து லில்லாஹ்! நஹ்மதுஹூ வ நுஸல்லீ அலா ரசூலிஹில் கரீம். அம்மா பஅத்.



பரீட்சை முடிவுகள் வந்துவிட்டால் நம் மஹல்லாக்களில் ஒரே பேச்சுதான். "பையனை எதில் சேர்க்கப் போறீங்க பாய்?" பி.இ., பி.காம். என்று சொன்னால் "மாஷா அல்லாஹ்" என்கிறோம். ஐ.டி.ஐ. என்று சொன்னால் "ஏன், மார்க் வரலையா?" என்று கேட்கிறோம். கையில் ஸ்பானர் பிடிப்பவன் படிப்பில் தோற்றவன் என்று நாமே முடிவு செய்துவிட்டோம். இந்த முடிவு மார்க்கத்தில் எங்கே இருக்கிறது என்று இன்று கொஞ்சம் பார்ப்போம்.

நபிமார்களின் கைகள்

தாவூத் (அலை) அவர்கள் அரசர். கஜானா அவர்கள் கையில் இருந்தது. ஆனாலும் அவர்கள் தம் கையால் உழைத்தே உண்டார்கள் என்றும், ஒருவர் உண்ணும் உணவில் அதைவிடச் சிறந்தது இல்லை என்றும் நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக புகாரியில் வருகிறது. அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததை ஸபா அத்தியாயத்தின் 10, 11ஆம் வசனங்கள் கூறுகின்றன. போர்க்கவசம் செய்யச் சொன்ன இறைவன், அதன் வளையங்களைச் சரியான அளவில் அமைக்கவும் சொல்கிறான். நற்செயல் செய்யுங்கள் என்ற கட்டளையும் அதே வசனத்தில்தான் வருகிறது. அளவு பார்த்து வேலை செய்வதும் இபாதத்தோடு சேர்ந்தது என்பதை இதிலிருந்து விளங்கலாம்.

நூஹ் (அலை) அவர்கள் கப்பல் கட்டினார்கள். அந்த வேலையைப் பார்த்து ஊர்ப் பெரியவர்கள் கேலி செய்ததை ஹூத் அத்தியாயம் சொல்கிறது. ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்ற ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது.

ஒரு கொல்லரின் கூலி

கப்பாப் இப்னுல் அரத் (ரலி) அவர்கள் மக்காவில் கொல்லராக இருந்தார்கள். ஆஸ் இப்னு வாயில் என்ற செல்வந்தன் அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடுக்கவில்லை. கேட்கப் போனபோது, முஹம்மதை மறுத்தால்தான் தருவேன் என்றான். நீ செத்து மீண்டும் எழுப்பப்படும் வரை அது நடக்காது என்று கப்பாப் (ரலி) சொல்லிவிட்டார்கள். அப்படியானால் எழுப்பப்பட்ட பிறகு, செல்வமும் பிள்ளைகளும் கிடைக்கும்போது தருகிறேன் என்று அவன் கிண்டல் செய்தான். இது தொடர்பாகவே மர்யம் அத்தியாயத்தின் 77ஆம் வசனம் முதல் இறங்கியது. ஒரு கொல்லர் கேட்டுப் போன பாக்கிக்காக வானத்திலிருந்து வஹீ வந்திருக்கிறது!

நம் இமாம்களின் பெயர்களையும் பாருங்கள். ஹனஃபி மத்ஹபின் பேரறிஞர் கஸ்ஸாஃப். அந்தப் பெயருக்கே செருப்பு தைப்பவர் என்று பொருள். ஷாஃபிஈ மத்ஹபின் கஃப்பால் மர்வஸீ பூட்டு செய்தவர்.

அலுவலக வேலை தாழ்ந்ததா?

இல்லை. யூசுஃப் (அலை) அவர்கள் நாட்டின் களஞ்சியப் பொறுப்பைத் தாமே கேட்டு வாங்கினார்கள். ஜைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் வஹீயை எழுதியவர்கள். மாதம் பிறந்தால் சம்பளம், பி.எஃப்., விடுப்பு என்று அதில் நிம்மதியும் இருக்கிறது. தொழிலில் சிரமமும் உண்டு. வேலை இல்லாத நாளில் வருமானம் இல்லை. ஐம்பது வயதில் முட்டியும் முதுகும் வலிக்கும். இதை மறைத்துவிட்டுப் பிள்ளைக்கு ஆலோசனை சொல்லக் கூடாது.

எதை வைத்து எடை போடுவது?

முதலாவது, ஹலால். வட்டி வாங்குபவர், கொடுப்பவரோடு அதை எழுதுபவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என முஸ்லிமில் வருகிறது. வட்டிக் கணக்கு எழுதும் குளிரூட்டிய அறையைவிட, அந்தக் குளிரூட்டியைப் பழுது பார்ப்பவரின் சம்பாத்தியம் மேலானது. ஆனால் மெக்கானிக் சகோதரரே, கேஸ் மட்டும் குறைந்திருக்க, கம்ப்ரஸரே போய்விட்டது என்று சொன்னால் உங்கள் காசும் ஹராம்தான்.

இரண்டாவது, கடன். பிள்ளைக்கு விருப்பமில்லாத பட்டத்துக்காக வட்டிக்குக் கடன் வாங்கி, பிறகு கிடைத்த சம்பளத்தில் அதை அடைக்கிற குடும்பங்கள் எத்தனை! ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் படிப்பு இரண்டே ஆண்டுகள். பின்னர் அப்ரண்டிஸ் பயிற்சியில் உதவித்தொகையும் உண்டு. வளைகுடாவில் இருந்து வந்தவர்களைக் கேளுங்கள். தொழில் தெரிந்து, சான்றிதழோடு போனவருக்கும், ஒன்றும் தெரியாமல் ஹெல்பராகப் போனவருக்கும் உள்ள வித்தியாசத்தை அவர்களே சொல்வார்கள்.

மூன்றாவது, தகுதி. வேலைக்கு அமர்த்தச் சிறந்தவர் வலிமையும் நம்பிக்கையும் உள்ளவர் என்று மூஸா (அலை) அவர்களைப் பற்றி ஒரு பெண் தன் தந்தையிடம் சொன்னதை கஸஸ் அத்தியாயம் எடுத்துச் சொல்கிறது. உங்கள் பிள்ளையின் வலிமை எதில் இருக்கிறது? எட்டு வயதில் ஃபேனைக் கழற்றி மாட்டியவனை நாற்காலியில் கட்டிப்போட்டால் அவனும் தேறமாட்டான், அந்த அலுவலகமும் தேறாது. புத்தகத்தில் மனம் உள்ளவனைப் பட்டறைக்குத் தள்ளுவதும் அதே தவறுதான்.

ஜமாஅத்தின் பொறுப்பு

நம் வீட்டுக்குக் குழாய் சரிசெய்ய வருபவரை மரியாதையாகக் கூப்பிடுங்கள். "அடுத்த வாரம் வா, தர்றேன்" என்று கூலியை இழுக்காதீர்கள். வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறுவதை புகாரியின் ஹதீஸ் குத்ஸியில் காண்கிறோம்.

சம்பந்தம் பேசும்போது, மாப்பிள்ளை பிளம்பர் என்றவுடன் முகத்தைத் திருப்பாதீர்கள். மார்க்கமும் குணமும் திருப்தியாக இருந்தால் பெண் கொடுங்கள் என்பதே நபிமொழி. தொழிலாளியின் வீட்டுக்குப் பெண் கொடுக்க நாம் மறுக்கும்வரை, "கைத்தொழில் கண்ணியமானது" என்று மிம்பரில் எத்தனை பயான் செய்தாலும் எந்தப் பிள்ளையும் நம்பப் போவதில்லை.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஹலாலான, பரக்கத்தான ரிஸ்க்கைத் தருவானாக! உழைப்பவரை மதிக்கும் உள்ளத்தை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன். வல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.