கால் தொடங்கட்டும், மனம் பின்தொடரும்

கோவிட் பரவலால் 2020 மார்ச் 18 அன்று மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை நடன வகுப்புகள் மூடப்பட்டன. சலங்கைகள் பெட்டிக்குள் போயின. மேடையும் இல்லை, அரங்கேற்றத் தேதியும் இல்லை. உலகமெங்கும் இதே நிலைதான். அந்த நாள்களில், லண்டன் இங்கிலீஷ் நேஷனல் பாலேயின் அப்போதைய இயக்குநர் தமாரா ரோஹோ தம் வீட்டுச் சமையலறையிலிருந்தே இணையத்தில் பாலே வகுப்பு நடத்தினார்.

அவர் கற்பித்தது புதுமையானது அல்ல. முழங்காலை மடக்கி நிமிரும் 'பிளியே'யில் தொடங்கும் அதே அடிப்படைப் பயிற்சி. நம் பரதத்துக்கு அரைமண்டியும் தட்டடவும் அப்படித்தான். 1983இல் கோலாலம்பூரில் சூத்ரா நடனக் குழுவை நிறுவிய ரம்லி இப்ராஹிம் பாலே, பரதம், ஒடிசி மூன்றும் பயின்றவர். எந்த நடனமானாலும் உடலைக் காப்பது அன்றாடச் சாதகமே.

அடுத்த முடக்கம் நோயாகவோ, தேர்வாகவோ, வேலைப் பளுவாகவோ வரலாம். அடுக்குமாடி வீட்டின் சின்னக் கூடமே அப்போது போதும். சிமெண்டுத் தரையில் குதித்தால் மூட்டு நோகும். குதிப்பைக் குறைத்து, அரைமண்டியில் நின்று தொடைக்குப் பலம் சேருங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள். தோழி ஒருத்தியைத் திரையில் அழைத்துச் சேர்ந்து ஆடுங்கள்.

உற்சாகம் வந்த பிறகு பயிற்சி செய்வோம் என்று காத்திருப்பவருக்கு இரண்டுமே வாய்க்காது. பயிற்சியைத் தொடங்குபவரைத் தேடி உற்சாகம் தானே வரும்.