குடிப்பதால் போகிறதா, போவதால் குடிக்கிறாரா?

ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து பாத்ரூம் போகிறார், ஒவ்வொரு தடவையும் தலைமாட்டுச் சொம்பைக் காலி செய்கிறார் என்றால், யாரும் சுகர் என்றுதான் சொல்வோம். பார்த்தால் சுகர் நார்மல். ஆனால் ஒரு நாள் சிறுநீரைக் கேனில் பிடித்து அளந்தால் 3 லிட்டருக்கு மேல். சிலருக்குப் பத்தையும் தாண்டும். டயாபடீஸ் இன்சிபிடஸாக இருக்கலாம். இன்சிபிடஸ் என்றால் ருசியற்றது. சிறுநீரை நாக்கில் வைத்துப் பார்த்த காலத்துப் பெயர். நீரிழிவு என்ற நம் சொல், நியாயமாகப் பார்த்தால், சர்க்கரைக்காரரைவிட இவருக்குத்தான் பொருந்தும்.

மூளையடியிலிருந்து வரும் வாசோப்ரெசின்தான் தண்ணீரைப் பிடித்துவைக்கச் சிறுநீரகத்துக்குச் சொல்லும் ஹார்மோன். அது குறைந்திருக்கலாம், வந்தும் சிறுநீரகம் காதில் வாங்காமலிருக்கலாம். இரண்டும் சரியாக இருந்து, மனிதர் சும்மாவே குடங்குடமாகக் குடிக்கலாம்.

எதுவென்று அறியத் தண்ணீரை நிறுத்துகிறார்கள். காலையிலிருந்து ஒரு சொட்டு கிடையாது. அடிக்கடி எடை, சிறுநீர், ரத்தம். பாத்ரூமுக்கும் நர்ஸ் கூடவே போவார். அங்கே குழாய் இருக்கிறதே! நமக்கென்றால் சில மணி நேரத்தில் சிறுநீர் மஞ்சளாகிச் சுண்டிவிடும். இந்த நோய்க்காரருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சிறுநீர் மட்டும் பச்சைத் தண்ணீராகவே போகும். எடை நூற்றுக்கு மூன்றுக்கு மேல் இறங்கினால் அதற்குமேல் விடமாட்டார்கள். பிறகு வாசோப்ரெசினின் செயற்கை வடிவமான டெஸ்மோப்ரெசின் ஊசி. சிறுநீரின் செறிவு பாதிக்குமேல் கூடினால் குறை ஹார்மோனில், அசையாவிட்டால் சிறுநீரகத்தில். இடைப்பட்ட எண் வந்தால் தலையைச் சொறிய வேண்டியதுதான். 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இந்தச் சோதனை ஏறக்குறைய நாலில் ஒருவருக்குப் பிசகியது. உப்புநீர் ஏற்றி, ரத்தத்தில் வாசோப்ரெசினோடு சேர்ந்தே வரும் கோபெப்டினை அளந்தபோது நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்குச் சரியாக வந்தது.

எனக்கு உறைத்தது வேறொன்று. தண்ணீரை நிறுத்தும் வரை இவர் ரத்தத்தில் சோடியம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நிறுத்தியதும் ஏறும். அதைச் சரியாக வைத்திருந்தது அந்தச் சொம்பு. நாம் நோய் என்று நினைத்த தாகம், அவர் தனக்குத்தானே பார்த்துக்கொண்டிருந்த வைத்தியம்.

டயாபடீஸ் என்ற பெயரே வார்டுகளில் குழப்புகிறது என்று 2022-இல் வல்லுநர்கள் அதை மாற்றச் சொன்னார்கள். 2009-இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் இடுப்பு ஆபரேஷனுக்குச் சேர்ந்த 22 வயது இளைஞருக்கு இந்த நோய் இருந்தது. தினசரி மருந்து தரப்படவில்லை. தண்ணீர் கேட்டுக் கேட்டு, கடைசியில் படுக்கையிலிருந்தே போலீசுக்குப் போன் செய்தார். உடலில் நீர் வற்றி இறந்தார். அவருக்கு எந்தச் சோதனையும் தேவைப்பட்டிருக்கவில்லை. நோய் இன்னதென்று முன்பே கண்டுபிடித்தாகிவிட்டது.