மேஜர் பாடமும் துணைப் பாடமும்



பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு இது கலக்கமான காலம். பூசை முடிந்து கோவில் வாசலுக்கு வருவதற்குள் நாலு பேர், "என்ன எடுக்கப்போகிறாய்?" என்று கேட்டுவிடுகிறார்கள். நீங்கள் வாய் திறக்குமுன்னே உங்கள் பெரியப்பா பதிலும் சொல்லிவிடுகிறார்!

சென்ற ஞாயிறு ஒரு தகப்பனார் தம் மகளைக் கூட்டிக்கொண்டு சாமியார் பங்களாவுக்கு வந்தார். தையல் மிஷின் மிதித்துப் பிள்ளையைப் படிக்க வைத்தவர். "கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுக்கும்படி ஒரு வார்த்தை சொல்லுங்கள், சாமி, நீங்கள் சொன்னால் கேட்பாள்" என்றார். பெண்ணோ தரையைப் பார்த்துக்கொண்டு, "தாவரவியல்" என்று ஒரே வார்த்தை சொன்னாள்.

நான் உடனே ஒன்றும் சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன் வேறொரு பங்கில் இப்படியே ஒரு தகப்பனார் கேட்டபோது, நான் யோசியாமல் அவர் பக்கம் பேசினேன். பையன் என் வார்த்தைக்குப் பயந்து கணிதத்தை மேஜராக எடுத்தான். இரண்டாம் வருடம் நடுவிலே படிப்பை விட்டுவிட்டான். அவனிடம் நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே என்பது இன்றும் என் மனதை உறுத்துகிறது. ஆகையால்தான் இதை எழுதுகிறேன்.

பாடத்தைத் தெரிந்துகொள்வதும் ஓர் ஆத்தும காரியமா என்று கேட்பீர்கள். மூன்று வருடம் உங்கள் புத்தியை எதற்குக் கொடுக்கிறீர்கள் என்பது சர்வேசுரனுக்குக் கணக்குக் கொடுக்கவேண்டிய காரியந்தானே.

அர்ச். இஞ்ஞாசியாரைப் பாருங்கள். 1521-ம் ஆண்டு பாம்ப்லோனா கோட்டையில் குண்டடிபட்டுக் கிடந்து மனந்திரும்பிய இந்தப் போர்வீரர், ஆத்துமங்களுக்கு உதவிசெய்யப் படிப்பு வேண்டுமென்று கண்டு, முப்பது வயதுக்கு மேல், 1524-ல் பார்சலோனாவில் இலத்தீன் இலக்கணம் படிக்க உட்கார்ந்தார். வினைச்சொற்களை மனப்பாடம் பண்ணத் தொடங்கினால் போதும், பக்தி நினைவுகள் பொங்கி வந்து பாடத்தை அடித்துக்கொண்டு போகும். செபத்தில் வராத இன்பம் பாடவேளையில் வருவானேன் என்று ஆராய்ந்து பார்த்து, இது சோதனை என்று அறிந்துகொண்டார். ஆசிரியரைக் கோவிலுக்கு அழைத்துப்போய், இரண்டு வருடம் ஒழுங்காகப் பாடம் கேட்பேன் என்று வாக்குக் கொடுத்தார். (பாடவேளையில் செல்போனில் ஜெபமாலைக் காணொளி பார்க்கிற புண்ணியவான்கள் கவனிக்க!)

ஆனால் அதற்குப் பிறகும் அவர் ஒரு தவறு செய்தார். 1526-ல் அல்காலா பல்கலைக்கழகத்துக்குப் போய், தர்க்கம், பௌதிகம், வேதசாஸ்திரம் மூன்றையும் ஒரே சமயத்தில் வாரிப் போட்டுக்கொண்டார். அஸ்திவாரம் போதாது, ஒன்றும் நிலைக்கவில்லை. 1528-ல் பாரிஸ் நகருக்கு நடந்தே போய்ச் சேர்ந்தவர், வெட்கப்படாமல் மறுபடியும் சின்னப் பையன்களோடு உட்கார்ந்து இலத்தீனிலிருந்து தொடங்கினார். பிறகுதான் தத்துவம், 1535-ல் பட்டம். தவறான பாடத்தில் சிக்கிக்கொண்டோமே, உலகம் முடிந்துபோயிற்றே என்று அழுகிற பிள்ளைகள் அந்தப் பாரிஸ் வகுப்பறையை நினைத்துக்கொள்ளட்டும்.

அதே அர்ச்சியசிஷ்டவர் தமது ஞான அப்பியாசத்தில் தெரிவு செய்யும் விதத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். சிலர் முதலில் உத்தியோகத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டு, அதற்குள்ளே சர்வேசுரனுக்கு ஊழியம் செய்யப் பார்க்கிறார்களாம். வழியை முன்னே வைத்து, போகவேண்டிய ஊரைப் பின்னே வைப்பது போன்ற காரியம். நம் வீடுகளில் சம்பளத்தை முதலில் தீர்மானித்து, பாடத்தை அதற்கு இழுத்து, பிள்ளையின் சுபாவத்தைக் கடைசியில் விசாரிக்கிறோமே, அதுவும் இந்த ரகந்தான். அவர் சொல்லும் ஓர் உபாயம் மிக நல்லது: நீங்கள் முன்பின் பார்த்திராத ஒருவன் உங்கள் நிலையில் நின்று ஆலோசனை கேட்டால், அவனுடைய நன்மையை மட்டும் விரும்பி என்ன சொல்வீர்களோ, அதையே நீங்களும் செய்யுங்கள். சிநேகிதன் எந்தக் கல்லூரிக்குப் போகிறான் என்பது இந்தக் கணக்கில் வராது.

இனி, துணைப் பாடம். முன்னே ஆன்சிலரி என்றார்கள், பிறகு அலைடு என்றார்கள், இப்போது மைனர் என்றும் சொல்கிறார்கள். பாஸ் பண்ணினால் போதும் என்று பிள்ளைகள் தள்ளிவைக்கிற பாடம் இதுவே. இதைக் குறித்து கிரகோர் மெண்டல் சுவாமியாரின் சரித்திரம் சொல்லவேண்டும். 1822-ல் ஏழைக் குடியானவருக்குப் பிறந்தவர். தகப்பனார் மரம் விழுந்து அடிபட்டு உழைக்க முடியாமற்போனபோது, தங்கை தெரேசியா தன் சீதனத்தில் ஒரு பாகத்தை அண்ணன் படிப்புக்குக் கொடுத்தாள். 1843-ல் பிர்னோ நகரத்து அகுஸ்தீன் மடத்தில் சேர்ந்தார். 1850-ல் ஆசிரியர் பரீட்சை எழுதித் தோற்றார். மடத்து அதிபர் அவரை வியன்னாவுக்கு அனுப்பினார். அங்கே செடிகொடிகளைப் பற்றி மட்டுமா படித்தார்? டாப்ளர் என்ற பேர்பெற்ற ஆசிரியரிடம் பௌதிகம் படித்தார், கணக்கும் படித்தார். திரும்பி வந்து 1856 முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்தில் ஏறக்குறைய 28,000 பட்டாணிச் செடிகளை வளர்த்து, ரகம் ரகமாகப் பிரித்து எண்ணினார். செடி வளர்த்தவர்கள் அநேகர் உண்டு. இப்படி எண்ணிப் பார்த்து விகிதம் கண்டவர் அவரே. அந்தப் புத்தி பௌதிகமும் கணக்கும் கொடுத்த புத்தி. 1866-ல் அச்சான அந்தக் கட்டுரையின் அருமையை 1900-ல்தான் உலகம் அறிந்தது. அவர் 1884-லேயே இறந்துவிட்டார். இன்னொன்று: அந்த ஆசிரியர் பரீட்சையை அவர் கடைசிவரை தேறவில்லை. தங்கையின் பிள்ளைகளைப் படிக்க வைத்து அவள் கடனை மட்டும் தீர்த்தார்.

காரியத்துக்கு வருவோம். பௌதிக மேஜருக்குக் கணிதமும் வேதியியலும் துணையாக வருவது நம் ஊர்க் கல்லூரிகளில் பழைய வழக்கம். பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் வெளியிட்ட வரைமுறையில் மூன்று வருடப் படிப்புக்கு 120 கிரெடிட். அதில் மேஜருக்கு 60, மைனருக்கு 24. இரண்டாம் செமஸ்டர் முடிவில் மேஜரை மாற்றிக் கேட்கவும் இடம் வைத்திருக்கிறது. எல்லாக் கல்லூரியும் ஒரே முறையில் நடப்பதில்லை. ஆகையால் பணம் கட்டுமுன் ஆபீசில் கேளுங்கள்: துணைப் பாடம் நாமே தெரிந்துகொள்வதா, அவர்கள் கொடுப்பதா? மாற்ற முடியுமா? எந்த மேற்படிப்புக்கு எந்த மேஜர் வேண்டும்? பாடத்திட்டத்தை வாங்கி மூன்றாம் வருடப் பாடங்களின் பெயர்களை வாசியுங்கள். முதல் வருடம் எல்லாம் இனிப்பாகத்தான் இருக்கும்.

பெற்றோரே, உங்கள் பயம் வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று சேசுநாதர் சுவாமியே உவமை சொல்லியிருக்கிறார். பிள்ளைகளே, வீட்டுக் கடன் எவ்வளவென்று தகப்பனாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதை அறியாமல் என் விருப்பம், என் விருப்பம் என்று பிடிவாதம் பிடிக்கிறதும் நியாயமல்ல. இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசவேண்டிய காரியம் இது.

அந்தத் தையற்காரரையும் மகளையும் வருகிற சனிக்கிழமை மாலை மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன். அவள் இரண்டு கல்லூரிகளின் தாவரவியல் பாடத்திட்டத்தை வாங்கி வரவேண்டும். அவர் வரவு செலவு எழுதி வரவேண்டும். தாவரவியலோடு கம்ப்யூட்டரைத் துணைப் பாடமாகச் சேர்க்க இடமுண்டா என்று நான் விசாரித்து வைக்கவேண்டும். இதே கலக்கத்தில் இருக்கிற மற்றவர்களும் அன்று ஐந்து மணிக்கு வரலாம். விண்ணப்பத்தாளைப் பூர்த்தி செய்யாமல் கொண்டுவாருங்கள்.