நோயாளி எனும் அமானிதம்

மருந்தின் அளவும் புண்ணின் பக்குவமும் கற்றுவிட்டால் ஒருவர் செவிலியர் ஆகிவிடுவாரா? ஆகார் என்றே நாம் கருதுகிறோம். படுக்கையில் கிடப்பவர் உடலை மட்டுமன்றித் தம் அச்சத்தையும் நாணத்தையும் அந்நியர் ஒருவர் கையில் ஒப்படைக்கிறார்.

ஹிஜ்ரி 5இல் அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், நற்கூலி நாடி மருத்துவம் செய்துவந்த ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில் சேர்க்கச் செய்தார்கள். அக்கூடாரம் பள்ளிவாசலிலேயே இருந்தது. அருகிருந்து நலம் விசாரிக்க அதுவே ஏற்றது. சிகிச்சையோடு அண்மையும் அங்கே கடமையாயிற்று.

பரிவைப் பாடமாக்க இயலுமா என வினவுவோர் உளர். அமெரிக்கச் செவிலியர் ஹில்டகார்ட் பெப்லோ 1952இல் வெளியிட்ட நூலில் இவ்வுறவையே செவிலியத்தின் உயிர்நிலையாக வைத்தார். நோயாளியோடு நிகழ்ந்த உரையாடலைச் சொல்லுக்குச் சொல் எழுதி ஆராயுமாறு மாணவியரைப் பயிற்றினார். ஆகவே, செவிசாய்த்துக் கேட்பதும் கற்கத் தக்கதே. அவர் கூறும் உறவு அந்நியராய்த் தொடங்கி, நோயாளி சொந்தக் காலில் நிற்கையில் நிறைவுறுவது. அவரைப் பிணைத்து வைப்பதன்று.

அமானிதம் என்பதும் இதுவன்றோ? பெற்றதைப் பேணி உரியவரிடமே திருப்பித் தருவது. நோயாளியின் தன்மானமும் தன்னாற்றலும் குறைவின்றி அவருக்கே மீள வேண்டும். கருவிகளைக் கையாளக் கற்பிக்குமுன் கல்விக்கூடங்கள் இதனைக் கற்பிக்கட்டும்.