ரசிகனும் ஒரு சாட்சியே

திருக்காட்டுப்பள்ளிக்கு அருகே காவிரியிலிருந்து குடமுருட்டி ஆறு பிரிகிறது. இரண்டில் எந்த ஆற்றின் நீர் உயர்ந்தது என்று எங்கள் பகுதி உழவர் எவரும் வழக்காடியதாக நான் கேட்டதில்லை. ஆனால், அதே உழவர்கள் மாலை வேளையில் தேநீர்க் கடையில் அமர்ந்துவிட்டால், எம்.ஜி.ஆர். உயர்ந்தவரா, சிவாஜி உயர்ந்தவரா என்னும் வழக்குத் தொடங்கிவிடும். அவ்வழக்கில் வாதிகள் உண்டு, பிரதிவாதிகள் உண்டு, நீதிபதி மட்டும் கிடையாது!

அவ்வழக்கு ஒருநாள் எங்கள் இல்லத்துக்குள்ளும் புகுந்தது. என் அத்தா எம்.ஜி.ஆர். பக்கம். என் தாயாருடன் பிறந்த மாமு சிவாஜியின் பக்கம். இருவரும் ஒருவரையொருவர் ‘மச்சான்’ என்று வாய் நிறைய அழைத்துக்கொள்பவர்கள். 1972-ஆம் ஆண்டில், ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்துக்காக எம்.ஜி.ஆருக்கு இந்திய அரசின் சிறந்த நடிகர் விருது அறிவிக்கப்பட்டது. ‘பாரத்’ விருது என்று அன்று அதற்குப் பெயர். அத்தா கடைத்தெருவில் சர்க்கரை வழங்கினார். மாமு அதை வாங்க மறுத்தார். “நடிப்புன்னா என்னன்னு தெரியாதவங்க கொடுத்த விருது மச்சான் அது!” என்றார்.

சொல் தடித்தது. நோன்புப் பெருநாள் வந்துபோயிற்று. ஹஜ்ஜுப் பெருநாளும் வந்துபோயிற்று. ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவில்லை. கணவருக்கும் சகோதரருக்கும் நடுவில் நின்று என் தாயார் கண்கலங்கியதை நினைத்தால் இன்றும் என் நெஞ்சு கனக்கிறது. தம்மை இன்னாரென்றே அறியாத இரு நடிகர்களுக்காக, நன்கு அறிந்த இரு மனிதர்கள் பேச்சை முறித்துக்கொண்டார்கள்!

திரைப்படம் பார்க்கலாமா, கூடாதா என்பதில் நம் குடும்பங்களில் பலவித கருத்துகள் உண்டு. அந்த விவாதத்துள் நான் நுழையவில்லை. பார்த்தபின் பேசுகிறோமே, அந்தப் பேச்சுக்கென்று ஓர் அறம் உண்டா? இதுவே என் வினா.

“இது வெறும் பொழுதுபோக்குப் பேச்சு, இதில் அறம் எங்கே வந்தது?” என்று சிலர் கேட்கலாம். தச்சர் ஒருவர் செய்த கதவைக் கண்ணால் காணாமலே, ‘வேலை சரியில்லை’ என்று ஊரெங்கும் சொல்லித் திரிபவரை நாம் என்னென்று அழைப்போம்? பொய்யர் என்போம். ஒரு நடிகர் நன்றாக நடித்தார் என்பதும், நடிக்கவில்லை என்பதும் ஒரு மனிதரின் உழைப்பைப் பற்றி நாம் கூறும் சாட்சியமே அன்றோ? கதவைப் பழித்தவர் பொய்யர். நடிகரைப் பழித்தவர் மட்டும் ‘தீவிர ரசிகர்’ என்றால் அது எவ்வகை நியாயம்?

மாமுவின் சாட்சியத்தைச் சற்றே ஆராய்வோம். சிவாஜிக்குத் தில்லி அநீதி இழைத்தது என்பது அவருடைய ஓயாத குற்றச்சாட்டு. ‘பராசக்தி’ (1952), ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959), ‘பாசமலர்’ (1961), ‘கர்ணன்’ (1964) என்று அடுக்கிக்கொண்டே போவார். இவற்றுள் ஒன்றுக்கும் சிறந்த நடிகர் விருது கிடைக்கவில்லை என்பது மெய்தான். ஆனால், சிறந்த நடிகருக்கென இந்திய அரசு ஒரு விருதை ஏற்படுத்தியதே 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். முதன்முதலில் அதைப் பெற்றவர் வங்க நடிகர் உத்தம் குமார். இல்லாத விருதை எவர் கொடுப்பார்? எவர் மறுப்பார்? தேநீர்க் கடையில் தொண்டை கட்டும்வரை வாதாடியவருள் ஒருவரும் இச்செய்தியை அறிந்திருக்கவில்லை.

அவ்விருது ஏற்பட்ட பின்னரும் சிவாஜிக்கு அது வரவில்லை என்பது வேறு செய்தி. நம் சிக்கலையும் திருவாரூரையும் பாத்திரங்களின் பெயரிலேயே தாங்கி வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968), சிறந்த தமிழ்ப் படமென்று தேசிய விருது பெற்றது. அதில் நாகசுரக் கலைஞராகவே மாறிப்போன நடிகருக்கு விருதில்லை. இது குறையென்றே நானும் கருதுகிறேன். பாத்திரத்துக்குப் பாத்திரம் நடையும் குரலும் மாற்றி நடித்ததில் சிவாஜிக்கு நிகர் எவருமில்லை என்பது என் துணிபு. ஆனால், ஒருவருக்குக் கிடைக்காதது அநீதி என்பதால், மற்றவருக்குக் கிடைத்ததும் அநீதி என்றாகிவிடுமா?

அத்தாவும் குறையற்றவர் அல்லர். 1960-இல் கெய்ரோவில் நடைபெற்ற ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில், ‘கட்டபொம்மன்’ படத்துக்காகச் சிறந்த நடிகர் பரிசு பெற்றார் சிவாஜி. அதை மாமு பெருமையுடன் சொல்லும்போதெல்லாம், “அவங்களுக்குத் தமிழ் நடிப்பைப் பத்தி என்ன மச்சான் தெரியும்?” என்று நகைத்தவர் என் அத்தாவேதான். நமக்கு வேண்டியவர் பெற்றால் தகுதி. வேண்டாதவர் பெற்றால் தவறு! இந்தத் தராசில் எடைக்கல் எங்கே இருக்கிறது?

இன்னொரு தராசும் நம்மிடம் உண்டு. ‘பாவமன்னிப்பு’ (1961) படத்தில் சிவாஜி ரஹீமாக வந்தார். நாகூர் ஹனிபா அவர்களின் குரலும் அப்படத்தில் ஒலித்தது. ‘சிரித்து வாழ வேண்டும்’ (1974) படத்தில் எம்.ஜி.ஆர். அப்துல் ரஹ்மானாக வந்தார். நம்மை நல்லவராகக் காட்டியவரிடம் நன்றி கொள்வது இயல்பே, முறையும்கூட. எனினும் நன்றி வேறு, மதிப்பீடு வேறு. நன்றிக்காக நடிப்பை உயர்த்திச் சொன்னால், அது நன்றியையும் கொச்சைப்படுத்துவதாகும்.

இந்த வேறுபாட்டை எங்கள் பகுதி மக்களே ஒருமுறை செயலில் காட்டினர். 1989-ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில், தாம் தொடங்கிய தமிழக முன்னேற்ற முன்னணியின் சார்பில் சிவாஜி போட்டியிட்டது எங்களுக்கு அண்மையிலுள்ள திருவையாறு தொகுதியில்தான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் அவர் தோற்றார். “நன்றி கெட்ட ஜனங்கள்” என்று மாமு குமுறினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திரையில் அவரோடு அழுதவர்கள் வாக்குச் சாவடியில் வேறொன்றை எண்ணிப் பார்த்தார்கள். 1977, 1980, 1984 என மும்முறை எம்.ஜி.ஆர். வென்றதும் நடிப்புக்குக் கிடைத்த மதிப்பெண் அன்று. சிவாஜி தோற்றதும் நடிப்புக்கு நேர்ந்த குறை அன்று.

என் தமக்கையின் நிக்காஹில் அத்தாவும் மாமுவும் மீண்டும் கை கோத்தனர். ஆனால் அந்த விருதைப் பற்றி அதன்பின் இருவரும் வாய் திறக்கவேயில்லை.

1996-ஆம் ஆண்டுக்குரிய தாதாசாகிப் பால்கே விருது சிவாஜிக்கு வழங்கப்பட்டபோது அத்தா உயிரோடில்லை. மாமு சர்க்கரைப் பொட்டலத்துடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கையில் அதைக் கொடுத்துவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு மெல்லச் சொன்னார்:

“தம்பி, சண்டை போட்டப்போ நான் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. பிறகு ஒருத்தருக்கும் தெரியாமத் தஞ்சாவூர்ல போய்ப் பார்த்தேன். ரிக்‌ஷாவை வட்டமா ஓட்டிக்கிட்டே கம்பு சுத்துவாரே, அதை வேறெ எவனாலேயும் செய்ய முடியாது. மச்சான்கிட்ட அதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

பாராமல் பழித்தது ஒரு தவறு. பார்த்தபின் மறைத்தது அதனினும் பெரிய தவறு. அறிந்த சாட்சியத்தை மறைப்பது பாவமென்று சிறு வயதிலேயே கற்றவர்கள் நாம். அதை நீதிமன்றக் கூண்டுக்கு மட்டும் உரியதென்று எண்ணிவிட்டோம்!

இன்று நடிகர்கள் மாறிவிட்டனர். தேநீர்க் கடையின் இடத்தைக் கைபேசி பிடித்துக்கொண்டது. வழக்கோ மாறவில்லை. விருது அறிவிக்கப்படும் நாளில் நம் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஏசிக்கொள்வதைக் காண்கிறேன். ‘உனக்குப் பிடித்தவரைப் புகழாதே’ என்று நான் அவர்களிடம் சொல்வதில்லை. ‘உனக்குப் பிடிக்காதவரின் படத்தில் நீ கண்ட நல்லதொன்றைச் சொல்’ என்று மட்டும் கேட்கிறேன். அதைச் சொல்லக்கூடிய நாவே, தனக்குப் பிடித்தவரைப் புகழும்போதும் நம்பத்தக்கது.

மாமு கொணர்ந்த சர்க்கரையை அன்று நான் வாங்கிக்கொண்டேன். அத்தா இருந்திருந்தால் அவரும் வாங்கியிருப்பார் என்றே நம்புகிறேன்.